வரித்தாளில் மட்டும் பிரம்மச்சாரி!

எங்கள் புதுச்சேரியில் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது, 'பிரான்சு மாப்பிள்ளை' என்றால் இன்றைக்கும் தனி மவுசுதான். பையனிடம் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிறதா, பாரீசிலிருந்து எவ்வளவு தூரத்தில் வீடு, பெண்ணுக்கு எத்தனை மாதத்தில் விசா வரும் என்று ஒன்று விடாமல் விசாரிப்போம். அமெரிக்கா, சிங்கப்பூர் மாப்பிள்ளை என்றாலும் இதே விசாரணைதான்.

ஆனால், "கல்யாணத்துக்குப் பிறகு அங்கே வருமான வரிக் கணக்கை யார் எழுதுவார்கள்? அதில் எங்கள் பெண் பெயர் இருக்குமா? அவளுக்கு அதில் என்ன பொறுப்பு?" என்று கேட்ட பெண் வீட்டாரை நான் பார்த்ததே இல்லை. 'வரி கிரி எல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம்' என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட்டதால் என் தங்கைக்கு, அந்நிய தேசத்தில், 'இவள் யாருடைய மனைவி?' என்று கேட்கும் நிலைமை வந்தது. நான் பிளஸ் டூ வரை படித்த சாதாரண இல்லத்தரசி, ஆடிட்டர் இல்லை. இருந்தாலும், அவளுக்காக அலைந்து தெரிந்துகொண்டதை மற்ற தோழிகளுக்கும் சொல்லிவிடலாமே என்றுதான் இந்த நீளமான கடிதம்.

வெளியூர்த் தோழிகளுக்கு ஒரு சின்ன விளக்கம். 1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவிடம் வந்தது. 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம், 1962 ஆகஸ்டு 16-ல்தான் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அப்போது ஆறு மாத அவகாசத்துக்குள் 'எங்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும்' என்று எழுதிக் கொடுத்தவர்கள், அப்படியே பிரெஞ்சுக் குடிமக்களாக இருந்துவிட்டார்கள். அவர்களில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை இங்கே 'சொல்தா' என்போம். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் பிரான்சுக்குப் போய் வேலை பார்ப்பதும், கல்யாணத்துக்கு இங்கே வந்து பெண் எடுப்பதும் எங்கள் ஊரில் சகஜம். பையன் பிரெஞ்சுக் குடிமகன். பெண் இந்தியக் குடிமகள். அவள் விசாவில் போய், பிறகு அங்கே வசிப்பதற்கான கார்டு வாங்க வேண்டும்.

என் தங்கையும் அப்படித்தான் போனாள். 2022 ஜனவரியில் இங்கே கல்யாணம். கான்சுலேட் மூலம் திருமணத்தைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றி, குடும்பப் புத்தகம் வாங்கி, விசா கைக்கு வந்து அவள் விமானம் ஏறும்போது அக்டோபர் ஆகிவிட்டது. மாப்பிள்ளை தங்கமான பையன். பாரீசுக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் வேலை. குடி, சீட்டாட்டம் எதுவும் கிடையாது. வருமான வரிக் கணக்கை மட்டும், அங்கே தமிழ் ஆட்களுக்கு ஃபாரம் எழுதித் தரும் ஒருவரிடம் வருஷா வருஷம் 40 யூரோ கொடுத்து விட்டுவிடுவார். ஊர்க்காரர் என்ற நம்பிக்கை!

2025-ல் தங்கையின் கார்டைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. 'நீங்கள் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்கிறீர்கள் என்பதற்கு அத்தாட்சி கொண்டு வாருங்கள்' என்ற பட்டியலில், இருவர் பெயரிலும் உள்ள வருமான வரி அறிவிப்பும் இருந்தது. வரி அலுவலகம் ஆண்டுதோறும் அனுப்பும் அந்தத் தாளை அங்கே 'அவி' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். வீட்டிலிருந்த அவிகளை எடுத்துப் பார்த்தால், எதிலும் இவள் பெயர் இல்லை. பதறிப்போய் எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, எல்லாத் தாள்லயும் அவர் பேர் மட்டும்தான் இருக்கு. நான் இந்த வீட்டுலயே இல்லாத மாதிரி இருக்குக்கா" என்று அழுதாள்.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறார். சொல்தா ஒருவரின் மனைவி. கணவரோடு தூலோனில் இருபது வருஷம் குடித்தனம் செய்தவர். கணவர் காலமாகிவிட்டார். பிரெஞ்சு தாராளமாகப் படிப்பார். தங்கை அனுப்பிய போட்டோவைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தவர், ஒரு மூலையில் விரலை வைத்தார்.

"என்னம்மா இது! 'சே' எழுத்து போட்டிருக்கான். 'சே'ன்னா கல்யாணமாகாதவன். கல்யாணமானவனுக்கு 'எம்' எழுத்து வரணும். உன் தங்கச்சி புருஷன் இந்தத் தாள்ல இன்னும் பிரம்மச்சாரிதான்!"

சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. நடந்தது இதுதான். கல்யாணத்துக்கு முந்தைய வருடத்துக் கணக்கை வைத்துக்கொண்டு, அந்த ஆசாமி எண்களை மட்டும் மாற்றி மாற்றி அனுப்பியிருக்கிறார். 'கல்யாணம் ஆச்சா?' என்று அவர் கேட்கவும் இல்லை. 'ஆச்சு' என்று மாப்பிள்ளை சொல்லவும் இல்லை. சம்பளக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே ஒரு எழுத்து, அவளை வீட்டை விட்டே தள்ளிவிட்டது.

பிரெஞ்சுச் சட்டம் இந்த விஷயத்தில் நம் ஊர்ச் சட்டம் மாதிரி இல்லை. இந்தியாவில் கணவன் கணக்கு வேறு, மனைவி கணக்கு வேறு. சேர்ந்து ஒரே கணக்காகக் கொடுக்க இங்கே வழியில்லை. பிரான்சிலோ, கல்யாணமானால் இருவருக்கும் சேர்த்து ஒரே கணக்கு. கல்யாணம் நடந்த அந்த ஒரு வருடத்துக்கு மட்டும், 'சேர்ந்தா, தனித்தனியா' என்று அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கல்யாணமான 60 நாளுக்குள் வரி அலுவலகத்துக்குச் சொல்லிவிடவும் வேண்டும். 2022-க்குத் தனியாகக் கொடுத்ததை மன்னிக்கலாம். 2023-க்கும் 2024-க்கும் தனி ஆளாகக் கொடுத்தது தவறுதான்.

இலை போட்டுப் பங்கிடுவது மாதிரி

இதில் கார்டு மட்டுமா சிக்கல்? காசும் போயிருக்கிறது! அது எப்படி என்று பெரியம்மா விளக்கியதை, நான் எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன்.

வீட்டு வருமானத்தை ஒரு அண்டாச் சோறு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு அரசாங்கம் அதை இலை போட்டுப் பங்கிடுகிறது. கணவனுக்கு ஒரு இலை, மனைவிக்கு ஒரு இலை. முதல் இரண்டு பிள்ளைகளுக்கு ஆளுக்கு அரை இலை. மூன்றாவது பிள்ளை முதல் ஆளுக்கு ஒரு முழு இலை! ஆக, இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு மூன்று இலை. மூன்று பிள்ளைகள் என்றால் நான்கு இலை. ஓர் இலைக்கு எவ்வளவு விழுகிறது என்று பார்த்து, அதற்கு வரி போட்டு, அதை இலைகளின் எண்ணிக்கையால் பெருக்குவார்கள். பிள்ளைகளின் இலையால் குறையும் வரிக்கு ஓர் உச்ச வரம்பும் உண்டு. இந்த முறை அங்கே 1945-லிருந்து இருக்கிறது.

என் தங்கை வீட்டுக் கணக்கையே பாருங்கள். மாப்பிள்ளைக்கு வருடத்துக்குச் சுமார் 24,000 யூரோ சம்பளம். வேலைச் செலவுக்கென்று அரசே நூற்றுக்குப் பத்து கழித்துவிடுகிறது. மீதி 21,600. அப்போது தங்கைக்குச் சம்பாத்தியம் இல்லை. இரண்டு இலை போட்டால் இலைக்கு 10,800. 2023-ஆம் ஆண்டு வருமானத்துக்கு, ஓர் இலைக்கு 11,294 யூரோ வரை வரியே கிடையாது. ஆக, அவர்கள் கட்ட வேண்டியது பூஜ்யம்! 2024-க்கு அந்த வரம்பு 11,497. அந்த வருடமும் பூஜ்யம்தான். ஆனால் ஒற்றை ஆள், ஒற்றை இலை என்று எழுதியதால் 21,600-ம் ஒரே இலையில் விழுந்து, இரண்டு வருடத்துக்கும் சேர்த்து 1,400 யூரோவுக்கு மேல் சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள். நம் பணத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல்! அவள் அங்கே கோட்டு வாங்கக்கூட யோசித்துக்கொண்டிருந்தாள்.

நல்ல வேளை, திருத்திக்கொள்ள வழி இருந்தது. வரி அறிவிப்பு வந்த வருடத்துக்கு அடுத்த இரண்டாவது வருடத்தின் டிசம்பர் 31 வரை மனு கொடுக்கலாம். 2023 கணக்குக்கு 2024-ல் அறிவிப்பு வந்ததென்றால், 2026 கடைசி வரை நேரம் உண்டு. மாப்பிள்ளையும் தங்கையும் நேரம் வாங்கிக்கொண்டு வரி அலுவலகத்துக்குப் போனார்கள். குடும்பப் புத்தகம், திருமணப் பதிவு நகல், அவளுடைய பாஸ்போர்ட், விசா எல்லாவற்றையும் எடுத்துப் போகச் சொல்லி இங்கிருந்தே பட்டியல் போட்டுக் கொடுத்தோம். அங்கே அவளுக்கென்று 13 இலக்க வரி எண் கிடைத்தது. சில மாதத்தில், இருவர் பெயரும் போட்ட புதிய அறிவிப்பு வந்தது. பிடித்த பணமும் திரும்பியது. அதுவரை வாடகை ரசீது, மின்சார பில், இருவர் பெயரிலும் உள்ள வங்கிக் கணக்கு இவற்றையெல்லாம் காட்டி, விளக்கக் கடிதமும் வைத்ததால் கார்டு வேலையும் நிற்கவில்லை. ஆனாலும் புதுக் கார்டு கைக்கு வரும்வரை அவள் சரியாகத் தூங்கவில்லை.

கார்டுக்கு மட்டுமல்ல, தோழிகளே. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கட்டணத்தில் சலுகை, அரசு வீடு, குடும்ப உதவித் தொகை என்று அங்கே எதற்குப் போனாலும் இந்தத் தாளைக் கேட்கிறார்கள். நம் ஊரில் ரேஷன் கார்டு மாதிரி!

ஒரு கையெழுத்தின் கதை

பெரியம்மா இன்னொன்றும் சொன்னார். "நாங்க தூலோன்ல இருந்த காலத்துல, முதல்ல எங்க வூட்டுக்காரர் ஒருத்தர் கையெழுத்து போட்டா போதும்மா. அவர்தான் குடும்பத் தலைவர். அப்புறம் சட்டம் மாறிப்போச்சு. ஒரு நாள் அவர் தாளைக் கொண்டாந்து 'நீயும் போடு'ன்னார். நானும் போட்டேன். என்ன எழுதியிருக்குன்னு கேக்கல. அவர் போன பிறகு, அந்த வருஷத்துக் கணக்கை நானே கொடுக்க வேண்டியதா ஆச்சு. அப்பத்தான் முதல்தடவையா அதை முழுசா படிச்சேன்."

அவர் சொன்னது சரிதான். வரி விஷயத்தில் 'குடும்பத் தலைவர்' என்ற பேச்சையே 1983-ஆம் ஆண்டுக்கான பட்ஜெட் சட்டத்தில் பிரான்சில் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கணவன், மனைவி இருவரும் கையெழுத்திட வேண்டும் என்றானது. நம் நாட்டிலும் 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில், ரேஷன் கார்டுக்கு வீட்டின் மூத்த பெண்ணே தலைவி என்று எழுதினார்கள் அல்லவா? அந்த மாதிரி ஒரு மாற்றம்.

ஆனால், உரிமை வரும்போது பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. சேர்ந்து கொடுத்த கணக்கில் வரி பாக்கி என்றால், முழு பாக்கிக்கும் இருவருமே பொறுப்பு. 'நான் சம்பாதிக்கவில்லை, எனக்குத் தெரியாது' என்றால் எடுபடாது. பிரிந்து போன பிறகும், சேர்ந்திருந்த காலத்துப் பாக்கியைக் கேட்டு மனைவிக்கு நோட்டீஸ் வரலாம். விவாகரத்தான பெண்கள் இதில் மிகவும் கஷ்டப்பட்டதால், அந்தப் பொறுப்பிலிருந்து விடுபட மனு செய்யும் வழியை 2024 மே 31-ஆம் தேதிச் சட்டம் கொஞ்சம் எளிதாக்கியிருக்கிறது. வழி இருக்கிறது என்றாலும், அது நெருப்பு பிடித்த பிறகு தண்ணீர் தேடுகிற வேலை. இப்போதோ கணினியில் அனுப்பும்போது, ஒருவருடைய எண்ணை வைத்தே வேலை முடிந்துவிடுகிறது. மனைவி ஒரு எழுத்தைக்கூடப் பார்க்காமலே, அவள் பெயரில் கணக்கு போய்ச் சேர்ந்துவிடும்.

வேலைக்குப் போகும் தோழிகளுக்கு ஒரு நல்ல சேதி. பிரான்சில் 2019 ஜனவரியிலிருந்து சம்பளத்திலேயே மாதாமாதம் வரி பிடிக்கிறார்கள். முன்பெல்லாம் தம்பதிக்கு ஒரே சதவீதம் போட்டார்கள். கணவர் சம்பளம் அதிகம், மனைவி பாதி நாள் வேலை பார்த்துச் சின்னச் சம்பளம் வாங்குகிறாள் என்றால், அவள் கையில் வாங்குவதிலும் அதே சதவீதம் போகும். 2025 செப்டம்பர் முதல், வேறு மாதிரி கேட்டாலொழிய, அவரவர் வருமானத்துக்கு ஏற்ற தனிச் சதவீதம்தான். வீட்டின் மொத்த வரி மாறாது. யார் சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பது என்பதுதான் மாறும். ஆனாலும், தன் உழைப்பின் காசு தன் கைக்கு வருவது பெண்ணுக்குச் சின்ன விஷயமா?

ஊரில் இருக்கும் பாஸ்புக்

தங்கை வரி அலுவலகத்துக்குப் போனபோதுதான் அடுத்த விஷயமும் வெளியே வந்தது. "வெளிநாட்டில் வங்கிக் கணக்கு ஏதும் இருக்கிறதா?" என்று கேட்டார்களாம். அவர்களுக்கு வெளிநாடு என்றால் நம் இந்தியா! தங்கைக்கு இங்கே ஒரு சேமிப்புக் கணக்கு, அப்பா அவள் பெயரில் போட்ட ஐந்து லட்சம் டெபாசிட், அம்மாவோடு சேர்ந்து ஒரு கணக்கு. இவை எதுவுமே எந்த வருடமும் காட்டப்படவில்லை.

பிரான்சில் வசிப்பவர்கள், வெளிநாட்டில் வைத்திருக்கும் ஒவ்வொரு வங்கிக் கணக்கையும் 3916 என்ற படிவத்தில் ஆண்டுதோறும் காட்ட வேண்டும். அந்த வருடத்தில் திறந்தது, மூடியது, அம்மா அப்பாவோடு 'ஜாயிண்ட்' ஆக இருப்பது எல்லாமே இதில் சேரும். அதில் நூறு ரூபாய்தான் இருக்கிறது என்பதெல்லாம் சாக்கு இல்லை. காட்டாவிட்டால் ஒரு கணக்குக்கு 1,500 யூரோ அபராதம் போடலாம். மூன்று கணக்கு என்றால் 4,500! திரும்ப வந்த பணத்தைப் போல மூன்று மடங்கு. இவர்கள் கேட்டவுடன் மறைக்காமல் எழுதிக் கொடுத்தார்கள். பதில் வர நாலு மாதம் ஆனது. 'இனி வருடந்தோறும் காட்டுங்கள்' என்பதோடு விட்டுவிட்டார்கள். எல்லாருக்கும் அப்படியே விடுவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

'இந்தியாவில் வரி பிடித்துவிட்டார்களே, அங்கே எதற்குச் சொல்ல வேண்டும்?' என்று பலர் கேட்கிறார்கள். இரண்டு நாட்டுக்கும் இடையே 1992-ல் கையெழுத்தான வரி ஒப்பந்தம் இருக்கிறது. ஒரே வருமானத்துக்கு இரண்டு முறை வரி விழாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. ஆனால் கணக்கில் காட்டினால்தான் அந்தச் சலுகை. காட்டாமல் இருக்க அது அனுமதிச் சீட்டு அல்ல.

இந்தியாவிலும் செய்ய வேண்டியவை உண்டு. வெளிநாட்டில் குடியேறிய பெண், தன் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, அதை 'என்.ஆர்.ஓ.' கணக்காக மாற்ற வேண்டும். அதன் வட்டியில் 30 சதவீதமும் அதற்கு மேல் செஸ்ஸும் பிடிப்பார்கள். என் தங்கை மாதிரி வட்டி கொஞ்சம்தான் என்றால், இங்கே கணக்கு தாக்கல் செய்து பிடித்ததைத் திரும்ப வாங்கலாம். இதற்கு வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. 2025-26 நிதியாண்டு முதல், புதிய முறையில் நாலு லட்சம் வரை வரி இல்லை. ஆனால் எல்லாரும் பேசுகிற '12 லட்சம் வரை வரி இல்லை' என்ற சலுகை இந்தியாவில் வசிப்பவர்களுக்குத்தான். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு இல்லை. அங்கே சம்பாதித்து அனுப்பும் பணத்தைப் போட்டு வைக்கிற 'என்.ஆர்.ஈ.' கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது. ஆனால் பிரான்சு, அமெரிக்கா போன்ற நாடுகளில் அதையும் காட்ட வேண்டும்.

இன்னொரு நுணுக்கமும் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கணவர் தன் பணத்தைச் சும்மா மனைவி பெயரில் டெபாசிட் போட்டால், அதன் வட்டியை இந்தியச் சட்டம் கணவர் வருமானத்தோடுதான் சேர்க்கும். ஆனால் அப்பா, அம்மா மகளுக்குக் கொடுத்ததன் வட்டி மகளுடைய வருமானமே. அதனால், பிறந்த வீட்டிலிருந்து வந்த பணத்துக்கு எழுத்தில் ஒரு சான்று வைத்துக்கொள்வது நல்லது.

எங்கள் ஊரில் பிரான்சில் வசிப்பவர்களின் வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்கள் ஏராளம். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுக்காரர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால், வாடகையில் வரி பிடித்து அரசுக்குக் கட்டும் கடமை குடியிருப்பவருடையது. 'அம்மாகிட்ட கையில குடுத்துட்டேன்' என்பது பதில் ஆகாது.

அமெரிக்கா போன அக்கா

என் பெரியப்பா மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அவள் கணவருக்கு 'ஹெச் 1 பி' விசா, அவளுக்கு 'ஹெச் 4'. வேலை செய்ய அனுமதி இல்லாததால், அங்கே எல்லாருக்கும் இருக்கும் சமூகப் பாதுகாப்பு எண் அவளுக்கு இல்லை. 'எண் இல்லை, அதனால் நீ கணக்கிலும் இல்லை' என்று இருந்துவிடக் கூடாது. அப்படிப்பட்டவர்களுக்கு 'ஐடின்' என்று ஒரு வரி எண் தருகிறார்கள். 'டபிள்யூ-7' என்ற படிவத்தை, வழக்கமாக வரிக் கணக்கோடு சேர்த்தே அனுப்ப வேண்டும். கணக்கு கொடுக்கும் நாள் பொதுவாக ஏப்ரல் 15.

அமெரிக்காவில் தம்பதிகள் சேர்ந்தும் கொடுக்கலாம், தனித்தனியாகவும் கொடுக்கலாம். மனைவிக்குச் சம்பளம் இல்லாத வீட்டில் சேர்ந்து கொடுத்தால் வரி பெரும்பாலும் குறையும். ஆனால் சேர்ந்து கொடுத்தால், அங்கேயும் முழு வரிக்கும் இருவரும் பொறுப்பு. விவாகரத்து ஆனாலும் அந்த வருடத்துப் பொறுப்பு விடாது. கணவர் மறைத்த வருமானம் தனக்கு உண்மையிலேயே தெரியாது என்று நிரூபிக்கும் மனைவி, '8857' என்ற படிவத்தில் விடுதலை கேட்கலாம். இந்தியாவில் உள்ள கணக்குகளின் மொத்தம், வருடத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டியிருந்தாலும், அதற்குத் தனியாக ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். பெரியப்பா போட்ட டெபாசிட், அம்மாவோடு வைத்திருக்கும் கணக்கு எல்லாமே அந்த மொத்தத்தில் அடங்கும்.

நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. இங்கிலாந்தில் 1990 ஏப்ரல் வரை மனைவியின் வருமானத்தைக் கணவனுடையதாகவே எண்ணினார்கள். அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு கணக்கு. துபாயில் சம்பளத்துக்கு வருமான வரியே இல்லை. அதனால் 'பக்கத்து வீட்டுப் பெண் இப்படித்தான் செய்தாள்' என்று கண்ணை மூடிக்கொண்டு செய்யாதீர்கள். அவள் போன நாடு வேறாக இருக்கும்.

மகளுக்கு, தங்கைக்குச் சொல்லுங்கள்

வெளிநாடு போகும் பெண்ணுக்குப் பொடி, ஊறுகாய் கட்டிக் கொடுக்கும்போதே இதையும் சொல்லி அனுப்புங்கள்.

1. போன முதல் வருடமே, உனக்கென்று வரி எண் வாங்கிக்கொள். அதை ஒரு நோட்டில் எழுதி வை.

2. கல்யாணமான சேதி வரி அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேள். குழந்தை பிறந்தாலும் அப்படியே.

3. கணக்கை அனுப்புவதற்கு முன், பெயர், கல்யாண நிலை, பிள்ளைகள் எண்ணிக்கை, இரண்டு பேர் வருமானம் இந்த நான்கையும் நீயே படி. மொழி தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கேட்டுப் படி. இதற்குப் பட்டப் படிப்பு தேவையில்லை.

4. ஒவ்வொரு வருட அறிவிப்பிலும் ஒரு பிரதி உன்னிடம் இருக்கட்டும். கணினியில் திறக்கும் கடவுச்சொல் உனக்கும் தெரிந்திருக்கட்டும்.

5. ஊரில் உன் பெயர் இருக்கும் பாஸ்புக், டெபாசிட் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு எடுத்துப் போ. பெற்றவர்களும், மகளிடம் சொல்லாமல் அவள் பெயரில் கணக்கு தொடங்காதீர்கள். ஆசையாகச் செய்வது அவளுக்கு அபராதமாகப் போய் நிற்கும்.

6. யாரிடம் எழுதக் கொடுத்தாலும், எழுதி முடித்ததும் வாங்கிப் பார். கூலி வாங்குகிறவருக்குப் பொறுப்பு கிடையாது. பெயர் போட்டிருப்பவருக்குத்தான்.

'புருஷனை நம்பாமல் கணக்கு கேட்கச் சொல்கிறாயே, குடும்பம் உருப்படுமா?' என்று சில மாமியார்கள் என்னைத் திட்டலாம். எங்கள் மாப்பிள்ளை ஏமாற்றுக்காரர் இல்லை. அவரும் ஒருவரை நம்பி, 1,400 யூரோவை இழந்து நின்றவர்தான். இரண்டு பேரில் ஒருவர் அந்தத் தாளைப் படித்திருந்தால் போதும், முதல் வருடமே தெரிந்திருக்கும். மளிகைக் கடைச் சீட்டை வரி வரியாகச் சரிபார்த்து, எண்ணெயில் ரெண்டு ரூபாய் அதிகம் போட்டால் கடைக்காரரைத் திருப்பி அனுப்புகிறவர்கள் நாம். நம் பெயர் இருக்கும் அல்லது இருக்க வேண்டிய ஒரு தாளைப் படிக்க நமக்கென்ன தயக்கம்?

இந்த வருடக் கணக்கைத் தங்கையே உட்கார்ந்து எழுதினாள். ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் பாதி நாள் வேலைக்குப் போகிறாள். அந்தச் சம்பளத்தையும் தன் கையாலேயே எழுதியிருக்கிறாள். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து காப்பி போட்டுக் கொடுத்தாராம். 40 யூரோ மிச்சம்!

- ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி.